பெங்களூரில் பயிற்சி, கடலோரத்தில் போட்டி: 70.3-இல் ஓட்டம் 8-ஆவது கிலோமீட்டரில் ஏன் நின்றுபோகிறது?

ஹெப்பால்_ஓட்டம் · காலை 6:12

கோவா மாதிரி கடலோர அயர்ன்மேன் 70.3 டிரையத்லானுக்குப் பெங்களூரிலிருந்து தயாராகிறவங்க பலரும் ஒரே இடத்துல வந்து சிக்குறாங்க. கப்பன் பார்க்கில் அரை மராத்தானை கிமீ-க்கு 6 நிமிஷத்துல ஓடி முடிச்சு, அப்புறம் நின்னு பேசக்கூடிய ஆள், போட்டியில் 8-ஆவது கிமீ தாண்டினதும் நடக்க ஆரம்பிக்கிறார். உடனே "ஓட்டப் பயிற்சி போதல"ன்னு அடுத்த வருஷம் வாரம் 60 கிமீ ஓடுறார். திரும்பவும் அதே 8-ஆவது கிமீ.

புதுசா படிக்கிறவங்களுக்கு: 70.3-ன்னா அடுத்தடுத்து 1.9 கிமீ நீச்சல், 90 கிமீ சைக்கிள், 21.1 கிமீ ஓட்டம். மொத்தம் 113 கிமீ, மைல் கணக்கில் 70.3. பெரும்பாலான போட்டிகளில் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிஷம், சைக்கிளை முடிக்கத் தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிஷம், எல்லாம் சேர்த்து 8 மணி 30 நிமிஷம் கெடு. உங்க போட்டியின் வழிகாட்டியில் ஒரு தடவை சரிபார்த்துக்குங்க.

கேள்வி இதுதான்: கோளாறு எங்கே? சைக்கிள் வேகமா, சாப்பாடா, வெயிலா? தயவுசெய்து எண்ணோட எழுதுங்க. "மனசு திடமா இருக்கணும்" மாதிரி பதில் இந்த இழைக்கு வேண்டாம்.


52_36 · காலை 7:05

ஓட்டத்தில் தேடாதீங்க. 90 கிமீ-இல் தேடுங்க.

மணிக்கு 28 கிமீ வேகத்தில் 90 கிமீ போனா 3 மணி 13 நிமிஷம். 30-இல் போனா சரியா 3 மணி. லாபம் 13 நிமிஷம். ஆனா காற்றை எதிர்த்துத் தள்ளத் தேவையான வாட் வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். 28-லிருந்து 30-க்குப் போக, காற்றுக்கு மட்டும் சுமார் 23 சதவீதம் கூடுதல் வாட் கொடுக்கணும். அந்தக் கூடுதல் வாட்டுக்கு உடம்பு கொழுப்பை எரிக்காது, தசையில் சேமிச்ச கிளைக்கோஜனைத்தான் எரிக்கும். அந்தக் கையிருப்பு பெரும்பாலானவங்களுக்கு 400, 500 கிராம்தான். காலி ஆன பிறகு என்ன சாப்பிட்டாலும் ஓடுற வேகத்துக்கு ஈடுகட்ட முடியாது.

இப்போ மறுபக்கம். கிமீ-க்கு 6:30 நிமிஷ வேகத்தில் 21.1 கிமீ-க்கு 2 மணி 17 நிமிஷம் ஆகும். கால் காலியாகி 8:00-க்கு விழுந்தா 2 மணி 49 நிமிஷம். சைக்கிளில் 13 நிமிஷம் பிடிச்சு ஓட்டத்தில் 32 நிமிஷம் விட்டாச்சு.

செய்ய வேண்டியது: போட்டிக்கு 5, 6 வாரம் முன்னாடி 20 நிமிஷம் முழு பலத்தோட மிதிக்கிற டெஸ்ட் ஒண்ணு செய்யுங்க. அதில் வந்த சராசரி வாட்டை 0.95-ஆல் பெருக்கினா உங்க எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட். முதல் 70.3-ன்னா அதில் 68 முதல் 73 சதவீதத்தைத் தாண்டாதீங்க. எஃப்டிபி 200-ன்னா 136 முதல் 146 வாட். இரண்டு மூணு போட்டி முடிச்சவங்க, சைக்கிளை 2 மணி 40 நிமிஷத்துக்குள் முடிக்கிறவங்க 80 வரை போகலாம். ஏற்றத்திலும் மேம்பாலத்திலும் 90 சதவீதம்தான் உச்சவரம்பு. எழுந்து நின்னு மிதிச்சு ஒருத்தரைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் 300 வாட் போகும். சராசரியில் அது தெரியவே தெரியாது, ஆனா 8-ஆவது கிமீ-இல் தெரியும்.

இன்னொண்ணு, பெங்களூர்காரங்க கவனிக்காம விடுறது. நாம இருக்கிறது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். இங்கே காற்று மெலிசு. கடலோரத்து வெப்பத்தையும் கணக்கில் எடுத்தா அங்கே காற்று இதைவிட சுமார் 8 சதவீதம் அடர்த்தி. இங்கே 30 வேகம் கொடுக்கிற அதே வாட்டுக்கு அங்கே 29.3 அளவுதான் வரும். சைக்கிள் கணினியில் வேகத்தைப் பார்த்துட்டு "குறையுதே"ன்னு மிதிச்சா, அங்கேயே திட்டம் போச்சு. வேகம் காட்டுற பக்கத்தையே திரையிலிருந்து எடுத்துடுங்க. வாட், இதயத்துடிப்பு, கடந்த நேரம், இந்த மூணு போதும்.


நந்தி_நாற்பது · காலை 8:30

பவர் மீட்டர் (மிதிக்கிற வாட்டை அளக்கிற கருவி) இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க சார், அவங்களுக்கும் ஒரு வழி சொல்லணும். அப்புறம் சைக்கிள் வேகத்தையே முழுக் காரணமா வைக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். வாரம் ஒரு தடவை நந்தி மலை ஏறுறவங்க கால் அவ்வளவு சீக்கிரம் தளராது. சுமார் 8 கிமீ, நாற்பது கொண்டை ஊசி வளைவு, மேலே போகப் போகச் செங்குத்து. அதைவிட நல்ல கால் பயிற்சி நம்ம ஊர்ல எது?


52_36 · காலை 9:14

நந்தி நல்ல பயிற்சிதான், மறுக்கல. ஆனா அது வேற தேர்வு சார். ஏற்றம் 35, 45 நிமிஷம். அப்புறம் இறக்கத்தில் 15 நிமிஷம் கால் சும்மா இருக்கும். மேலே ஒரு காப்பி. கடலோரச் சமவெளியில் 3 மணி நேரம் ஒரு நிமிஷம்கூட மிதிக்காம இருக்க முடியாது. அதுவும் ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிப் பிடிக்கிற முன்கம்பி) குனிஞ்சு. இடுப்பு வளைவு குறுகினா பிருஷ்டத் தசை வேலை செய்யாது, தொடை முன்தசை முழுச் சுமையும் வாங்கும். ஓட்டத்தில் முதல்ல போறதும் அந்தத் தசைதான்.

அதனால் போட்டிக்கு முந்தைய 8 வாரத்தில் நந்தியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக்குங்க. மத்த ஞாயிறு விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி தேவனஹள்ளிப் பக்கமோ கனகபுரா சாலையிலோ 70, 80 கிமீ, ஒரே சீரா. ஏரோ நிலையில் நீண்ட நேரம் பழகுறதை ரோட்டில் செய்யாதீங்க. பள்ளமும் குறுக்கே வர்ற நாயும் இருக்கிற ரோட்டில் பிரேக்கிலிருந்து கை விலகி இருக்கிறது ஆபத்து. வீட்டில் டிரெய்னரில் (சைக்கிளைப் பூட்டி நின்ன இடத்திலேயே மிதிக்கிற தாங்கி) போட்டு 30 நிமிஷத்தில் ஆரம்பிச்சு வாரம் 10 நிமிஷம் கூட்டி 90 நிமிஷம் வரை கொண்டு வாங்க. கழுத்து வலிச்சா ஏரோ பேடுக்குக் கீழே 10 மிமீ ஸ்பேசர் வைங்க. கை மரத்தா சேணத்தின் மூக்கு ரொம்பக் கீழே சாய்ஞ்சிருக்கும், அதைச் சரிபண்ணுங்க.

பவர் மீட்டர் இல்லாதவங்களுக்கு: 30 நிமிஷம் தனியா முழு வேகத்தில் ஓட்டுங்க, கடைசி 20 நிமிஷத்தின் சராசரித் துடிப்பு உங்க வரம்புத் துடிப்பு. அதில் 80 முதல் 88 சதவீதம் போட்டிக்கு. 165-ன்னா 132 முதல் 145. தண்ணியிலிருந்து வந்த முதல் 15, 20 நிமிஷம் துடிப்பு எப்படியும் மேலேதான் இருக்கும். அதைக் குறைக்க மெதுவா மிதிங்க, பதட்டப்படாதீங்க. மூணாவது மணியில் அதே உழைப்புக்கு 5, 8 துடிப்பு ஏறும். அது வெப்பத்தால் வர்ற நகர்வு. அதுக்கு மேல ஏறினா வேகத்தைக் குறைச்சே ஆகணும்.


நந்தி_நாற்பது · காலை 9:40

பிருஷ்டத் தசை விஷயம் சரி. ஏரோ பயிற்சி முடிச்ச கையோட 15 நிமிஷம் ஓடிப் பார்த்தாலே தெரிஞ்சுரும், தொடை முன்பக்கம் கல்லு மாதிரி இருக்கும். சேணத்தை 5 மிமீ முன்னாடி நகர்த்தினா இடுப்பு திறக்கும், அதையும் சேர்த்துக்குங்க. நகர்த்தினா உயரத்தையும் 2 மிமீ அளவுக்கு ஏத்தணும்.


உப்புக்கல் · காலை 11:20

வேகம் சரியா இருந்தும் படுத்துப்போறவங்க உண்டு. அவங்க பாட்டிலைப் பாருங்க, பாதி அப்படியே மிச்சமிருக்கும்.

குடல் குளுக்கோஸை ஒரு கதவு வழியா உள்ளே எடுக்கும். மணிக்கு 60 கிராம் அளவோடு அந்தக் கதவு நிறைஞ்சுரும். ஃப்ரக்டோஸுக்குத் தனிக் கதவு. இரண்டையும் 2-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்தா மணிக்கு 80, 90 கிராம்கூட உள்ளே போகும். முதல் போட்டிக்கு 60 முதல் 70 கிராம் போதும்.

கடையில் எனர்ஜி ஜெல் வாங்கணும்னு இல்ல. சாதாரண வெள்ளைச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின் (முழுக்க குளுக்கோஸா உடையுற மாவுப்பொடி) எடுத்தா கணக்கு நேரா 2-க்கு 1. மூணு மணிக்கு 70 கிராம் வீதம் 210 கிராம்: சர்க்கரை 140, மால்டோடெக்ஸ்ட்ரின் 70, உப்பு ஒண்ணரை முதல் இரண்டு கிராம். முதல்ல 300 மிலி வெந்நீரில் கரைச்சு, ஆறினதும் 750 மிலி பாட்டிலில் நிரப்புங்க. அரை எலுமிச்சை பிழிஞ்சா தித்திப்பு திகட்டாது. இது கெட்டியான கரைசல், இதை மட்டும் குடிச்சா வயிறு கல்லாகும். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு வாய் தண்ணி. பாட்டிலில் மார்க்கரால் மூணு கோடு போட்டு மணிக்கு ஒரு கோடு இறக்குங்க. மறக்காம இருக்க வாட்சில் 15 நிமிஷ அலாரம்.

இரண்டாவது பாட்டிலில் ஓஆர்எஸ். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் முக்கால் பங்கை 750 மிலி-இல் போட்டா சுமார் 1,300 மிகி சோடியம். முதல் பாட்டில் உப்போட சேர்த்து 2,000-ஐ ஒட்டி வரும். உப்பு ஒரு கிராமில் சோடியம் ஏறக்குறைய 400 மிகி, இந்த ஒரு எண்ணை மனசுல வைச்சுக்கிட்டா எந்தக் கலவையையும் நீங்களே கணக்குப் போடலாம்.

எவ்வளவு தண்ணி? வியர்வை அளவைத் தெரிஞ்சுக்காம யாரும் சொல்ல முடியாது. சிறுநீர் கழிச்சுட்டு உடுப்பில்லாம எடை பாருங்க. போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்க. துடைச்சுட்டுத் திரும்ப எடை. 1.2 கிலோ குறைஞ்சு, நடுவில் அரை லிட்டர் குடிச்சிருந்தா உங்க வியர்வை மணிக்கு 1.7 லிட்டர். முழுசையும் திருப்ப வேண்டியதில்ல, பாதிக்கு மேல் போனா போதும். வயிறே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் அனுப்பாது. அளவுக்கு மீறி வெறும் தண்ணியா குடிச்சா ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அது உயிருக்கே ஆபத்து.

இளநீர் பற்றிக் கேட்பீங்க. பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். போட்டி முடிஞ்சு குடிங்க, நடுவில் உப்புக்குப் பதிலா வைக்காதீங்க.


ஜேபிநகர்_புதுசு · மதியம் 1:02

காலையில் என்ன சாப்பிடலாம் அண்ணா? 4 மணிக்கு இட்லி சாம்பார் சரிவருமா?


உப்புக்கல் · மதியம் 1:25

இட்லி சரி தம்பி, சாம்பார் வேண்டாம். பருப்பின் நாரும் தாளிப்பும் மூணு மணி நேரத்தில் வயிற்றை விட்டுக் கிளம்பாது. தேங்காய்ச் சட்னியில் கொழுப்பு, அதுவும் வேண்டாம். இட்லியைச் சர்க்கரையோ தேனோ தொட்டு, தொடக்கத்துக்கு மூணு மணி முன்னாடி. கூட ஒரு வாழைப்பழம். ஃபில்டர் காப்பி பழக்கம்னா குடிங்க, அன்னைக்கு மட்டும் புதுசா ஆரம்பிக்காதீங்க.

முந்தின இரண்டு நாள் நார் குறைச்சு மாவுச்சத்தைக் கூட்டணும், கிலோ எடைக்கு 8 கிராம். 65 கிலோ ஆளுக்கு 520 கிராம். நூறு கிராம் பச்சரிசியில் 78 கிராம் அளவுதான் மாவுச்சத்து, அதனால் சோற்றாலேயே நிரப்ப முடியாது. வெள்ளைச் சோறு, ரசம், வறுக்காத உருளைக்கிழங்கு, ஜாம் பிரெட், பழச்சாறுன்னு பரப்பிச் சாப்பிடணும். கீரை, முட்டைக்கோஸ், பயறு, கொண்டைக்கடலை எல்லாம் போட்டி முடிஞ்ச பிறகு.

குடலும் பயிற்சி கேட்கும். கடைசி 8 வாரம் ஒவ்வொரு நீண்ட சைக்கிளிலும் இதே கரைசலைக் குடிங்க. மணிக்கு 40 கிராமில் ஆரம்பிச்சு ஏத்துங்க. போட்டி அன்னைக்கு வயிறு கலங்குறவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்டில் வெறும் தண்ணியோட பழகினவங்க.


நீலக்கோடு · மதியம் 3:48

நீச்சலை யாரும் தொடலை, நான் எழுதறேன். 1.9 கிமீ-இல் நேரம் அதிகம் போகாது. ஆனா பதறி நீந்தினா துடிப்பு 170-க்கு ஏறி, உப்புத்தண்ணி குடிச்சு, குமட்டலோட சைக்கிளில் ஏறுவீங்க. உப்புக்கல் சார் சொன்ன பாட்டில் அப்படியே மிச்சமாகிறதுக்கு இதுவும் காரணம்.

நம்ம அபார்ட்மென்ட் குளம் 25 மீட்டர்கூட இருக்காது. 25 மீட்டர்னே வைச்சுக்கிட்டாலும் 1.9 கிமீ-க்கு 76 நீளம், 75 தடவை சுவரை உதைக்கிறீங்க. ஒவ்வொரு உதைக்கும் 4, 5 மீட்டர் இலவசம், ஒரு நொடி ஓய்வு. கடலில் அந்த இலவசம் இல்ல. முடிஞ்சா வாரம் ஒரு தடவை பசவனகுடி மாதிரி 50 மீட்டர் குளத்துக்குப் போங்க. முடியலைன்னா சுவருக்கு 3 மீட்டர் முன்னாடியே திரும்பிப் பழகுங்க, சுவரைத் தொடாமல் 10 தடவை 100 மீட்டர். கை சோர்ந்துபோகும், அதுதான் கடலின் சோர்வு.

கடலில் திசை பார்க்கத் தலையை முழுசா தூக்கினா இடுப்பு மூழ்கும். கண்ணாடியின் கீழ்விளிம்பு மட்டும் தண்ணிக்கு மேல வரணும், முதலை பார்க்கிற மாதிரி. முதல்ல பார்வை, அப்புறம் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு. 8 கைவீச்சுக்கு ஒரு தடவை. அலை இருந்தா அலையின் உச்சியில் இருக்கும்போது பாருங்க, பள்ளத்தில் தண்ணிதான் தெரியும். மிதவையை மட்டும் தேடாதீங்க, அதுக்குப் பின்னால கரையில் உயரமா ஒரு கட்டிடமோ மரமோ குறி வைங்க.

பெங்களூர் ஏரிகளில் இறங்காதீங்க, கழிவுநீர் கலக்குது. கடலுக்கே போகணும். பலரும் சென்னைக்கு ஊருக்குப் போகும்போது முயற்சி செய்வாங்க. மெரினாவில் வேண்டவே வேண்டாம், அங்கே குளிக்கவே தடை, நீரோட்டம் இழுக்கும். கோவளம் பக்கம் சர்ஃப் பயிற்சி தர்றவங்க இருக்கிற இடத்தில், உயிர்காப்பாளர் பார்வையில், இடுப்பில் கட்டுற ஆரஞ்சு மிதவையோட மட்டும். நீரோட்டம் கடலுக்குள்ள இழுத்தா எதிர்த்து நீந்தாதீங்க, கரைக்கு இணையா நீந்தி வெளியே வந்த பிறகு கரையைப் பாருங்க.

வெட்சூட் (உடம்பை ஒட்டின ரப்பர் நீச்சல் உடை) பற்றி: அயர்ன்மேன் விதியில் வயதுப் பிரிவினருக்குத் தண்ணி 24.5 டிகிரிக்கு மேல போனா வெட்சூட் போட்டவங்களுக்குப் பரிசு கிடையாது, 28.8-க்கு மேல போனா போடவே கூடாது. நம்ம கடலோரத்துக்கு அதை வாங்கிச் செலவு பண்ணாதீங்க, டிரைசூட்டோடவே (மூணு கட்டத்துக்கும் போடுற ஒரே உடுப்பு) நீந்திப் பழகுங்க. கழுத்து, அக்குள், ப்ரா பட்டை தொடுற இடம் எல்லாம் வாஸ்லின். உப்புத்தண்ணியில் தோல் உரசினா ஓட்டம் முழுக்க எரியும். கண்ணாடிப் பட்டையை இரண்டு தொப்பிக்கு நடுவில் போடுங்க, யார் கால் பட்டாலும் கழலாது. பனி பிடிக்காம இருக்க குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு, தேய்ச்சு அலசணும்.


கடற்காற்று · மாலை 6:30

எல்லாரும் சொன்னதைச் சரியா செஞ்சும் நிக்கிறவங்க இருக்காங்க. அவங்க பெங்களூரின் வானிலையை உடம்பில் சுமந்துக்கிட்டுப் போறவங்க. என் கணிப்பில் இந்த இழையின் கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

இங்கே விடிகாலை 20 டிகிரி, கடலோரத்தைவிட உலர்ந்த காற்று. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். கடலோரத்தில் நீங்க ஓட ஆரம்பிக்கும்போது மணி 11 ஆகும், வெப்பம் 30-ஐத் தாண்டும், காற்றில் ஈரம் நிறைஞ்சிருக்கும். வியர்வை ஆவியாகாம சொட்டும். சொட்டுற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, தண்ணியும் உப்பும்தான் நஷ்டம். ரத்தம் தோலுக்கும் போகணும், காலுக்கும் போகணும், வயிற்றுக்கு எதுவும் மிஞ்சாது. குடிச்சது குலுங்குறதும் அதனால்தான்.

உடம்பு இதுக்குப் பழகும். 10 முதல் 14 நாள் ஆகும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதே வேகத்துக்குத் துடிப்பு குறையும். பெங்களூரில் எப்படி? போட்டிக்கு மூணு வாரம் முன்னாடி ஆரம்பிச்சு, வாரத்துக்கு நாலஞ்சு நாள் ஜன்னலை மூடி, ஃபேன் இல்லாம டிரெய்னரில் 45 முதல் 75 நிமிஷம், லேசான உழைப்பில். இல்லைன்னா சாதாரணமா ஓடி முடிச்ச உடனே 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை 20 நிமிஷம், நாளுக்கு நாள் கூட்டி 40 வரை. வீட்டில் தனியா இருக்கும்போது செய்யாதீங்க. எழுந்திருக்கும்போது தலைசுத்தும், பக்கத்தில் ஆள் வேணும். ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறவங்க மருத்துவரைக் கேட்காம தொடவே வேண்டாம்.

பழகினது வேகமா கழியும். கடைசி வாரம் ஓய்வுன்னு முழுசா விட்டுறாதீங்க. இரண்டு மூணு நாளுக்கு ஒண்ணு, 30 நிமிஷம் போதும்.

அன்னைக்கு ஓட்டத்தில்: முதல் 3 கிமீ திட்டமிட்டதைவிட 30 நொடி மெதுவா. சைக்கிளிலிருந்து இறங்கினதும் கால் வேகமா சுத்தும், மெதுவா போற மாதிரியே தோணும். வாட்சை நம்புங்க, காலை நம்பாதீங்க. ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் 20, 30 நொடி நடங்க, இதை முன்கூட்டியே முடிவு பண்ணிட்டுப் போங்க. ஐஸ் கிடைச்சா தொப்பிக்குள்ள, டிரைசூட் நெஞ்சுக்குள்ள, இரண்டு உள்ளங்கையிலும். தலையில் தண்ணி ஊத்தும்போது முன்னாடி குனிஞ்சு ஊத்துங்க. காலில் வழிஞ்சு ஷூ நனைஞ்சா 15-ஆவது கிமீ-இல் கொப்புளம்.

வெயிலில் ஓடும்போது மயிர்க்கூச்செறிஞ்சா, குளிர்ற மாதிரி இருந்தா, எந்தப் பக்கம் ஓடணும்னு குழம்பினா, நில்லுங்க. உதவி கேளுங்க. பக்கத்தில் ஓடுறவங்க அப்படித் தள்ளாடினா முதல் வேலை உடம்பைக் குளிர்விக்கிறது. ஐஸ்தண்ணியில் முக்கணும், கிடைக்கலைன்னா நிழலில் கிடத்தி ஊத்திக்கிட்டே விசிறணும். அப்புறம்தான் மத்ததெல்லாம். வலிக்குன்னு ஐபுப்ரோஃபென் போட்டுக்கிட்டு ஓடாதீங்க. நீர் வத்தின நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.


52_36 · மாலை 7:02

கடற்காற்று எழுதினதுக்கு அப்புறம் என் எண்ணைத் திருத்தறேன். வெப்பப் பழக்கம் இல்லாமப் போறவங்க 68 முதல் 73-ஐ 65 முதல் 70-ஆக வைங்க. காலையில் குளிரா இருக்கும்போது எடுத்த டெஸ்ட் எண், வெயிலில் மூணாவது மணிக்குப் பொருந்தாது.


பின்சக்கரம் · இரவு 9:15

நான் சைக்கிள் பக்கம். பெங்களூரிலிருந்து கோவா சாலையில் சுமார் 600 கிமீ. எப்படிக் கொண்டு போனாலும் சைக்கிள் அடி வாங்கும். அடி வாங்கிற முதல் பாகம் டிரெய்லியர் ஹேங்கர், பின் கியரை ஃப்ரேமோட இணைக்கிற சின்ன அலுமினியத் துண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே வளைஞ்சாலும் கடைசிப் பெரிய கியரில் டிரெய்லியர் (கியர் மாத்துற பாகம்) சக்கரக் கம்பியில் சிக்கும், ஏற்றத்தில் பின்சக்கரமே பூட்டிக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஹேங்கர் தனி வடிவம். அங்கே போய்க் கடையில் கேட்டா கிடைக்காது. இப்பவே ஆர்டர் போடுங்க, வர மூணு நாலு வாரம்கூட ஆகலாம்.

பெட்டியில் வைக்கும்போது சங்கிலியைப் பெரிய பின்பல்லில் ஏத்தி, டிரெய்லியரைக் கழட்டி, துணியில் சுத்தி ஃப்ரேமுக்குள்ள கட்டிருங்க. பெடல்: இடது பெடலுக்கு மறை தலைகீழ். இரண்டு பெடலுமே பின்சக்கரம் பக்கமா திருப்பினா கழலும்னு நினைவு வைச்சா போதும். டிஸ்க் பிரேக்னா சக்கரம் எடுத்ததும் பேடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் ஸ்பேசர் வைக்கணும். அது இல்லாம யாராவது லீவரை அமுக்கினா பிஸ்டன் ஒட்டிக்கும், சக்கரம் திரும்ப நுழையாது. டிஸ்க்கைக் கழட்டித் தனியா அட்டைக்குள்ள. ட்யூப்லெஸ்னா காத்து முழுசா இறக்காதீங்க, 20, 30 பிஎஸ்ஐ விட்டு வைங்க. இல்லைன்னா டயர் ரிம்மை விட்டு விலகி சீலண்ட் பெட்டி முழுக்க வழியும். பஞ்சருக்கான கார்பன் டை ஆக்சைடு குப்பியை விமானத்துக்கு எடுத்துப் போகாதீங்க, அங்கே வாங்குங்க. மின்கியர் பேட்டரியைக் கழட்டிக் கைப்பையில்.

திரும்பப் பூட்டும்போது: முதல்ல ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்குற பாகம்) மேல்மூடியை இறுக்கி ஆட்டம் போக்கணும், அப்புறம்தான் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். வரிசை மாறினா ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புற பேரிங்) ஆடும், பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் தட்டும். கார்பன் சீட்போஸ்டுக்கு உராய்வுப் பசை தடவலைன்னா பாதி வழியில் சேணம் இறங்கும். கழட்டுறதுக்கு முன்னாடியே போஸ்டில் டேப் ஒட்டி உயரத்தைக் குறிச்சிருங்க.

டயர் 70 கிலோ ஆளுக்கு 28 மிமீ-ன்னா 65 முதல் 72 பிஎஸ்ஐ. 25 மிமீ-ன்னா 80-ஐ ஒட்டி. நூறு அடிக்கிற பழக்கத்தை விடுங்க, கரடான ரோட்டில் குதிக்கிற டயர் மெதுவாத்தான் போகும். முந்தின மாலை சைக்கிளை நிறுத்தப் போகும்போது 15 பிஎஸ்ஐ குறைச்சு விடுங்க, காலையில் பம்ப் பண்ணிக்கலாம்.

கூட எடுத்துப் போக: இரண்டு ட்யூப், ரிம் ஆழத்துக்கு ஏத்த வால்வ் நீளத்தோட. நாப்பது மிமீ வால்வை ஐம்பது மிமீ ரிம்முக்கு வாங்கிட்டுப் போறவங்க இருக்காங்க. டயர் லீவர் இரண்டு, மல்டிடூல், உங்க கியர் எண்ணிக்கைக்கான சங்கிலி இணைப்பு ஒண்ணு. பஞ்சர் ஆனா ட்யூப் போடுறதுக்கு முன்னாடி டயரின் உள்பக்கம் விரலால் முழுச் சுத்து தடவிப் பாருங்க. முள் உள்ளேயே இருந்தா இரண்டாவது ட்யூபும் அடுத்த கிலோமீட்டரில் போகும்.


ஜேபிநகர்_புதுசு · இரவு 9:50

டிரான்சிஷனில் (ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு மாறுற இடம்) தண்டனை வாங்காம இருக்க என்ன வரிசை? டிராஃப்டிங் (முன்னால போறவரை ஒட்டிக் காற்று மறைவில் ஓட்டுறது) விதியும் கொஞ்சம் சொல்லுங்க அண்ணா.


நீலக்கோடு · இரவு 10:20

ஹெல்மெட் பக்கிள் போட்ட பிறகுதான் சைக்கிளைத் தொடணும். திரும்பி வந்து தாங்கியில் வைச்ச பிறகுதான் கழட்டணும். போகும்போது ஏறும் கோட்டுக்கு முன்னாடி ஏறக்கூடாது, வரும்போது இறங்கும் கோட்டுக்கு முன்னாடியே இறங்கணும். டைமிங் சிப் இடது கணுக்காலில். வலது பக்கம் பல்சக்கரம் இருக்கு, அதில் சிக்கும். எண் பட்டை சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் வயிற்றுப்பக்கம். அதுக்கு பெல்ட் ஒண்ணு வாங்கிருங்க, பின் குத்துற நேரம் மிச்சம்.

டிராஃப்டிங்: முன்னால போறவரின் முன்சக்கரத்திலிருந்து உங்க முன்சக்கரம் வரை 12 மீட்டர். அதுக்குள்ள நுழைஞ்சா 25 நொடியில் தாண்டியே ஆகணும். தாண்டப்பட்டவர்தான் பின்வாங்கணும், எதிர்த்து மிதிக்கக்கூடாது. நீல அட்டை வாங்கினா 5 நிமிஷம் தண்டனைக் கூடாரத்தில் நிக்கணும், மூணாவது அட்டையில் நீக்கம். குழுவா ஓட்டிப் பழகின பெங்களூர்காரங்க இதில் அடிக்கடி மாட்டுவாங்க. ஜெல் உறையைக் குறிப்பிட்ட இடத்துக்கு வெளியே போட்டாலும் தண்டனை, டிரைசூட் பையில் செருகிக்குங்க.

சைக்கிளின் கடைசி 3 கிமீ-இல் ஒரு கியர் இறக்கி நிமிஷத்துக்கு 90, 95 சுற்றில் லேசா மிதிங்க. முதுகை நிமிர்த்தி, ஒரு வாய் தண்ணி.


ஹெப்பால்_ஓட்டம் · இரவு 10:45

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வாரம் 60 கிமீ ஓட்டத்தை 35-ஆக்கி, மிச்ச நேரத்தை ஃபேன் இல்லாத டிரெய்னருக்கும் அதைத் தொடர்ந்து 20 நிமிஷ ஓட்டத்துக்கும் கொடுக்கிற மாதிரி 12 வார அட்டவணை ஒண்ணு நாளைக்கு இங்கேயே போடறேன். பின்சக்கரம் சார், ஹேங்கர் ஆர்டர் போட ஃப்ரேமின் மாடல் எண் மட்டும் போதுமா, வருஷமும் வேணுமா?


பின்சக்கரம் · இரவு 10:58

வருஷமும் வேணும். அதே மாடலில் அடுத்த வருஷமே வடிவம் மாறியிருக்கும். இருக்கிற ஹேங்கரைக் கழட்டி, ஸ்கேல் பக்கத்தில் வைச்சு இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. போல்ட் துளைகளுக்கு நடுவே இருக்கிற தூரத்தை மில்லிமீட்டரில் எழுதுங்க. வந்ததும் ஒரு தடவை பூட்டி, எல்லா கியரும் மாறுதான்னு ஓட்டிப் பார்த்துட்டு, அதுக்கப்புறம் பெட்டியில் போடுங்க.